இடர் கடனில் வந்த மொரிஸ் மைனர்

ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ் வித்தியாலயத்தில் விஜயகலா டீச்சர் பதினான்கு வருஷமாகக் கணிதம் சொல்லிக் கொடுத்து வந்தாள். வட்டிக் கணக்கு என்றால் அவளை மிஞ்ச சுற்றியுள்ள நாலு தோட்டங்களில் ஆள் இல்லை. இதை அவளே சொல்லிக்கொள்வாள். சொன்ன கையோடு, தான் கார் வாங்கிய கதையையும் அவளே எடுத்து விடுவாள். மற்றவர்கள் சொன்னால் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், உள்ளதே தேவையான அளவுக்கு இருக்கிறது என்பது அவள் நியாயம்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். குவார்ட்டர்ஸ் குசினியில் தண்ணீர்க் குழாய் உடைந்து ஒழுகியது. புதுக் குழாய் வாங்கச் சனிக்கிழமை காலையில் கடைத்தெருவுக்குப் போனாள். அப்துல் ரஸாக் ஹாஜியாரின் இரும்புக்கடைக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகைக்குள், பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு மொரிஸ் மைனர் நின்றது. கண்ணாடியில் சிங்களத்திலும் தமிழிலும் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது. உருண்டைக் கன்னம், இரண்டு பக்கமும் முழித்துப் பார்க்கும் விளக்கு. விஜயகலா ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அப்புறம் எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று.

ஹாஜியார் கடையை விட்டு வெளியே வந்தார். "ஐம்பத்தேழாம் ஆண்டு வண்டி டீச்சர். என்ட வாப்பா தோட்டத்துத் தொரகிட்ட வாங்கினது. எனக்கு இப்ப முழங்கால் ஏலாது, கிளச்ச மிதிக்க ஏலாது."

"சும்மா கேக்குறேங்க, எவ்வளவு சொல்றீங்க?"

"ரெண்டு லெச்சத்துப் பத்து."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் அவள். யோசிக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் குழாய் வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மகள் சுகந்தினி கண்டியில் தாதிப் பயிற்சியில் இருந்தாள். கணவன் அழகமுத்து தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. பேச்சுக் குறைந்த மனிதர். பஸ்ஸில் வரக்காப்பொலை வரைக்கும் போவதென்றாலே மடியில் ஒரு தேசிக்காயும் ஒரு பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொள்வார்; போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, இரண்டு தடவை வாந்தி நிச்சயம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விஜயகலா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக பஸ் ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான். தவறினால் த்ரீவீலுக்கு எண்பது ரூபாய். கார் இருந்தால் பெற்றோல் செலவு போக மாசத்துக்கு முன்னூற்றைம்பது ரூபாய் லாபம். லாபம் வரும்வரைக்கும் மூன்று தடவை கணக்கைத் திருத்தியதை அவள் சொல்லவில்லை.

அழகமுத்து கோப்பிக் கொப்பையைக் கீழே வைத்தார். "நான் ஏற மாட்டேன்."

"பின்னாடி குந்தினாத்தாங்க வாந்தி வரும். முன்னுக்கு இருந்தா வராது."

"சரி. ஓட்டப் போறது யாரு?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. பதினான்கு வருஷமாக, 'வினாவை இரண்டு முறை வாசி' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவள் அவள்.

அடுத்த கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கேகாலைக்குப் போய் ஒரு லீசிங் கம்பனியில் ஏறினாள். டை கட்டிய சின்னப் பையன் ஒருவன் அவளை உட்கார வைத்து, கம்ப்யூட்டரைத் திறந்து, சிங்களத்தில் விபரம் கேட்டான். அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வண்டியின் ஆண்டு ஐம்பத்தேழு என்றாள். பையன் தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"மிஸ், கம்ப்யூட்டர் எண்பதுக்குக் கீழே போகுதில்லை."

"நாற்பத்தேழு வருஷம் ஓடின வண்டிங்க. நல்ல வண்டி இல்லாட்டி இத்தனை வருஷம் ஓடுமா?"

அவன் மரியாதையாகச் சிரித்தான். "மிஸ்ஸுக்கு வயசு என்ன?"

சொன்னாள். அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப வண்டிதான் மிஸ் மூத்தது. கடன் முடியுற நேரம் வண்டிக்கு ஐம்பத்திரண்டு. எங்க கம்பனியில அந்த வயசுக்கு மனுஷருக்கே யோசிச்சுத்தான் குடுக்கிறது."

அதே காசுக்குப் புத்தம்புது த்ரீவீல் தரலாம் என்றான். வேண்டாம் என்று எழுந்தவளிடம் மனசு கேட்காமல் ஒரு கலண்டரைக் கொடுத்தான். அதற்குப் பிறகு போன வங்கியில் கலண்டர்கூடக் கிடைக்கவில்லை. அங்கே மதிப்பீட்டாளர் காரைப் போய்ப் பார்த்துவிட்டு, பெறுமதி பதினெண்ணாயிரம் என்று எழுதிக் கொடுத்தார். பழைய இரும்புக் கணக்கில்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. அரசாங்க ஊழியர்களுக்குப் பத்து மாத அடிப்படைச் சம்பளத்தைக் கடனாகக் கொடுப்பார்கள், ஐந்து வருஷத்துக்குச் சம்பளத்தில் கழிப்பார்கள், வட்டியும் குறைவு. தமிழில் அதற்கு இடர் கடன் என்று பெயர். சிங்களத்தில் 'ஆபதா ணய' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது ஆபத்துக் கடன் என்றே கேட்கும். விண்ணப்பத்தில் இரண்டு அரசாங்க ஊழியர்கள் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும்.

பிணை என்றதும் விஜயகலா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள். இதுவரைக்கும் ஒன்பது பேருக்கு அவள் பிணை நின்றிருக்கிறாள். ஒன்பது பேரும் ஓடி வருவார்கள் என்று நினைத்தாள். ஓடத்தான் செய்தார்கள். ஒருத்தருக்கு அன்றைக்கென்று கண்ணாடி உடைந்திருந்தது. ஒருத்தி மாமியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். கடைசியில் விளையாட்டு ஆசிரியர் முஹ்ஸின் போட்டான். அவன் மோட்டார் சைக்கிள் கடனுக்கு அவள்தான் பிணை, தப்ப வழியில்லை. பள்ளிக்கூட அதிபர் ராமச்சந்திரன் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க யோசிச்சுத்தான் செய்றீங்களா?"

"இல்லீங்க சேர்" என்றாள் விஜயகலா. அந்த உண்மைக்காகவே அவர் கையெழுத்துப் போட்டார்.

'கடன் பெறுவதற்கான காரணம்' என்ற இடத்தில் 'வீட்டுக் கூரை திருத்தம்' என்று எழுதிக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். கிளார்க் அம்மா முகவரியைப் பார்த்தார். "மிஸ், இது தோட்டத்துக் குவார்ட்டர்ஸ். கூரை கம்பனிக்காரருடையது. அதைத் திருத்த உங்களுக்கு எதற்குக் கடன்?" சரி, வைத்தியச் செலவு என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். இல்லாத நோய் வருத்தத்தைப் பேப்பரில் எழுதினால் அது உடம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று பயம். கணித ஆசிரியைக்கு இப்படிப் பயம் இருக்கலாமா என்ற வெட்கம் ஒரு பக்கம். கடைசியில் பேனையை எடுத்து முதல் வரியை வெட்டிவிட்டு, 'மொரிஸ் மைனர் கார் ஒன்று வாங்க' என்று எழுதி நீட்டினாள்.

கிளார்க் அம்மா அதைச் சத்தம் போட்டு வாசித்தார். அடுத்தடுத்த மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. "அனே மிஸ்," என்று சிங்களத்தில் சொன்னார் அவர், "ஆபத்து வந்தால் அதைத் தீர்க்கத்தான் எல்லாரும் இந்தக் கடன் எடுக்கிறவங்க. ஆபத்தை வாங்குறதுக்கே கடன் எடுக்க வந்த முதல் ஆள் நீங்கதான்."

அலுவலகமே சிரித்தது. விஜயகலாவும் சிரித்தாள்; நல்ல பகிடியாகத்தான் இருந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கணக்காளர் வந்தார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார். அவர் வீட்டுக் கராஜில் ஒரு பழைய ஒஸ்டின் கார் பதினோரு வருஷமாகத் திருத்தத்தில் கிடந்ததாம். "இது இடர்தான். எனக்குத் தெரியும்" என்று சொல்லி அனுமதித்துவிட்டார்.

தொண்ணூற்றெட்டாயிரம் கிடைத்தது. அதற்கு மேல், ஏற்கெனவே கட்டி வந்த ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்றை அதன் ஏழாம் மாதத்திலேயே ஏலத்தில் கேட்டு, ஒன்பதாயிரம் கழித்து, நாற்பத்தோராயிரத்தைக் கையில் வாங்கினாள். ஹாஜியார் பேரம் பேச விடாமல் தானாகவே இரண்டு லட்சத்துக்கு இறங்கினார். அப்படியும் அறுபத்தோராயிரம் குறைந்தது.

அந்த அறுபத்தோராயிரத்துக்கும் மாதா மாதம் எவ்வளவு வட்டி என்று அழகான ஒரு தாளில் நிரல் போட்டு எழுதி, அடிக்கோடிட்டு, கடைக்குக் கொண்டு போனாள். ஹாஜியார் தாளை நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"வட்டி எங்களுக்கு ஹராம் டீச்சர். முதல மட்டும் தாங்க. மாசம் ரெண்டாயிரம். வண்டிய இன்னைக்கே கொண்டு போங்க, வண்டிட பதிவுப் புத்தகம் மட்டும் எனக்கிட்ட ஈக்கட்டும்."

இரண்டாயிரம் அவளால் கட்ட முடியாது. அதைச் சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்த ஹாஜியாரின் மருமகள் எழுந்து வந்தாள். ஆஸியாவுக்கு இருபத்தாறு வயது. கணவன் கட்டாரில். பதினோராம் ஆண்டு ஓஎல் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தடவை தவறியிருந்தாள். அதனால் எந்த அரசாங்க வேலைக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை.

"மாமா, டீச்சர் எனக்குக் கணக்குப் படிச்சுக் குடுத்தா, மாசம் ஆயிரத்த அதுல கழிக்க ஏலாதா?"

ஹாஜியார் தாடியைத் தடவினார். "அப்ப ஆயிரம் காசு, ஆயிரம் கணக்கு. செல்லுங்க டீச்சர், சரியா?"

சரி என்றாள். வங்கியும் லீசிங் கம்பனியும் கைவிட்ட ஒருத்திக்கு இரும்புக்கடையில் கடன் கிடைத்தது.

அன்று பின்னேரம் ஹாஜியாரே, முழங்கால் வலியோடு, காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கோயிலடி வளைவு வரைக்கும் கார் பாடிக்கொண்டு வந்தது. வளைவில் இருமியது. பிறகு நின்றுவிட்டது. ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து வாளியோடு வந்த ஆட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தோட்டத்து மேலாளரான பெரிய தொரையின் ஜீப் பின்னால் வந்து, வழியில்லாமல் கால் மணி நேரம் நின்றது.

"டீச்சரம்மா, உள்ளுக்கே குந்துங்க, நாங்க தள்ளுறோம்!" என்று மூக்காயி கத்தினாள். பால்வெட்டுக் கூட்டத்தில் அவள் குரல்தான் பெரிசு. "புதுப் பொண்ணு நடக்கக் கூடாது!"

அப்படித்தான் விஜயகலா தன் காரில் வீடு வந்து சேர்ந்தாள். இருபது பேர் தள்ள, ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க, தொரை பின்னால் வர. பிள்ளைகள் கைதட்டினார்கள். இதற்கு மேல் மானம் போக வழியில்லை என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அவசரப்பட்டு வந்த நிம்மதி அது.

முதல் பாடத்துக்கு ஆஸியா கொப்பியும் பென்சிலுமாகத் தயாராக இருந்தாள். உதாரணம் கண்முன்னால் இருந்தால் மண்டையில் ஏறும் என்று விஜயகலா தன்னுடைய வரவு செலவையே கணக்காகக் கொடுத்தாள். படிகளையும் சேர்த்துச் சம்பளம் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. இடர் கடனுக்கு ஆயிரத்து எண்ணூறு, ஹாஜியாருக்கு ஆயிரம். மிச்சம் எவ்வளவு?

"ஒன்பதாயிரத்து எண்ணூறு" என்றாள் ஆஸியா. பிறகு பென்சிலைக் கடித்தாள். "டீச்சர், நீங்க எடுத்த சீட்டு எத்தன மாசம்?"

"இருபது."

"ஏழுலதானே எடுத்தீங்க? அப்ப இன்னம் பதிமூணு மாசம் ரெண்டாயிரத்து ஐநூறு கட்ட ஈக்குதே. அது எங்க?"

விஜயகலா கொப்பியைப் பார்த்தாள். சீட்டு எடுத்த காசை வரவில் எழுதியிருந்தாள். எடுத்த பிறகும் கட்ட வேண்டியதை எங்கேயும் எழுதவில்லை. ஓஎல் கணிதத்தில் இரண்டு தடவை தவறியவள் ஐந்து நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்ப மிச்சம் ஏழாயிரத்து முன்னூறு" என்றாள் ஆஸியா, மெதுவாக. "இன்சுரன்ஸும் ஓட்டப் படிக்கிற காசும் இதுல இல்லையா டீச்சர்?"

"அது அடுத்த பாடம்" என்றாள் விஜயகலா.

வீட்டில் கோழிக்கறி நின்றது. தீபாவளிச் சேலை நின்றது. கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. அவளுக்கு லைசன்ஸ் கிடைக்கும்வரை அதை அசைக்க ஆளில்லை. கேகாலையில் ஓட்டிக் காட்டும் பரீட்சையில் முதல் தடவை வண்டியை எடுக்கும் முன்பே தவறினாள்; பயத்தில் ஹாரனை அடித்துப் பரிசோதகரைத் துள்ள வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை பின்பக்கமாக எடுத்து ஒரு தென்னங்கன்றைச் சாய்த்தாள். "மிஸ் எங்கே படிப்பிக்கிறீங்க?" என்று அந்த மனிதர் கேட்டபோது அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். மூன்றாம் தடவை, ஆவணி மாதத்தில், பாஸாகினாள்.

அப்போதுதான் டயர் நாலும் வெடித்து வெளிறிப் போயிருப்பதை அவள் கவனித்தாள். புது டயருக்கு அவளிடம் வழியே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழகமுத்து ஒரு லொறிக்காரனோடு வந்து முற்றத்தில் நாலு டயரை இறக்கினார். நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஸ்டோருக்குப் போய்க் கூடுதல் வேலை பார்த்திருக்கிறார். ஸ்டோரில் வேலை அதிகம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் முற்றத்துக்கு ஓடி வந்தாள். "ஏங்க, ஒங்களுக்குத்தான் கார் புடிக்காதே."

"அது சும்மா நிக்கிறத பாத்தாலும் வாந்தி வருது" என்று சொல்லிவிட்டு அழகமுத்து குளிக்கப் போய்விட்டார். விஜயகலா ஒரு பழந்துணியை எடுத்து வந்து நாலு டயரையும் துடைத்தாள். அன்றைக்கு மட்டும் தன்னைக் கேலி பண்ண அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் ஆஸியா மூன்றாம் தடவை பரீட்சை எழுதினாள். சித்திரையில் பெறுபேறு வந்தது. கணிதத்தில் சி தரத்தில் பாஸ். இரும்புக்கடையில் எல்லாருக்கும் வட்டிலப்பம் கொடுத்தார்கள். விஜயகலா இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவதை எடுக்கும்போதுதான் புரிந்தது: ஆஸியாவுக்கு இனிக் கணக்குப் படிக்கத் தேவையில்லை. மாதா மாதம் கழிந்துகொண்டிருந்த ஆயிரமும் மார்கழியோடே நின்றுபோயிருந்தது. இன்னும் கட்ட வேண்டியது ஏறக்குறைய நாற்பதாயிரம். கொஞ்சம் மோசமாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் முழுக் கடனையும் அதிலேயே கட்டியிருக்கலாம். அப்படியான ஆசிரியர்களைத் தெரியும் அவளுக்கு. அவர்களிடம் ஆலோசனை கேட்காமல் போனது தன் தப்பு என்று வட்டிலப்பத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

வழி காட்டியதும் ஆஸியாதான். அவள் சாச்சாவின் மகன் முக்தாருக்கு வரக்காப்பொலையில் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கல்யாணக்காரர்கள் எல்லாரும் பழைய கார் கேட்கிறார்கள், கொழும்பிலிருந்து கொண்டுவந்தால் வாடகை தாங்குதில்லை என்று அவன் புலம்பிக்கொண்டிருந்தான்.

"ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரத்து ஐநூறு டீச்சர். பெற்றோல் போக மூவாயிரம். பாதி மாமாவுக்கு, பாதி வண்டிக்கு." ஆஸியா ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இந்தத் தடவை விஜயகலா சரிபார்க்கவில்லை.

டிரைவர் போட்டால் அவனுக்கும் காசு. ஆகவே டீச்சரே ஓட்டினாள். முதல் கல்யாணம் ஒரு சிங்களக் குடும்பத்தினுடையது. மணமக்கள் பின் சீட்டில், வெள்ளை ரிப்பன் முன்னால். வரக்காப்பொலைக்கு இரண்டு மைல் இருக்கையில், கண்டி ரோட்டு நடுவில் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கித் தள்ளினான். பெண் இறங்க மாட்டேன் என்று பூச்செண்டோடு உள்ளே இருந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். முக்தார் ரோட்டில் படுத்துக்கொண்டு படம் பிடித்தான். விஜயகலா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தமிழிலும் சிங்களத்திலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனாள். வாடகையில் பாதியைத் தானே வேண்டாம் என்றாள்.

மூன்று வாரம் கழித்து அந்தப் படத்தை முக்தார் பெரிதாக்கி ஸ்டூடியோ கண்ணாடியில் வைத்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த முதல் ஜோடி, "கார் கட்டாயம் நிற்குமா?" என்று கேட்டதாம். நிற்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று விஜயகலா நேர்மையாகச் சொல்லி அனுப்பினாள்.

மாதத்தில் இரண்டு, சுப காலத்தில் ஐந்து என்று கல்யாணம் வந்தது. இரண்டாயிரத்து ஏழு சித்திரைக்கு முன்னாலேயே ஹாஜியாரின் கணக்கு முடிந்தது. புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது அவர் காரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஆஸியாவும் ஆரம்பப் பிரிவு ஆசிரியை நியமனம் கிடைத்து, மாவனல்லைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். இடர் கடனின் கடைசித் தவணை இரண்டாயிரத்து ஒன்பதில் சம்பளத்தில் கழிந்தது. மொத்தமாகக் காருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று ஒரு நாள் கூட்டத் தொடங்கினாள். இரண்டாம் தடவை மாற்றிய கியர்பெட்டி வரைக்கும் கூட்டிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். பிறகு அந்தத் தாளைத் தேடவில்லை.

இப்போது வரக்காப்பொலையிலும் ருவான்வெல்லையிலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் அவள் இருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. முன்னால் ரிப்பன், பின்னால் பூவும் பட்டுமாக மணமக்கள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய, கறுப்புக் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. பார்க்கிறவர்கள் அநேகம் பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கல்யாணப் பொண்ணைவிட இந்த டிரைவர் அம்மா எதற்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள்?